கனடாக் கசெற்றில் ஒரு பந்தி

சுனாமி வந்து போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும். மட்டக்களப்பு நகரத்தில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு ஒழுங்கைக்குள், கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுக்கும் கடை ஒன்றில் நான் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். 'மிக்சிங் சென்டர்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கொம்பியூட்டர் வகுப்புக்குப் போகாத பிள்ளை ஊரிலேயே இல்லை என்கிற காலம் அது. நானும் போனேன், இந்த வேலை கிடைத்தது. அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. எனக்கோ சொர்க்கம்! ஊர்க் கலியாணம் எல்லாவற்றையும் கதிரையில் இருந்தபடியே பார்க்கலாமே. எந்தப் பொம்பிளை என்ன நகை போட்டாள், எந்த மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார், எல்லாம் எனக்கு அத்துப்படி. மற்றவர்களுடைய கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இன்றைக்கும் அப்படித்தான், அதற்கு என்ன செய்ய?

அந்த வருடங்களில் வந்து போன மோகங்களை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கையில் போன் கிடைத்த பெடியன்கள் நல்ல ரிங்கிங் டோனுக்காகக் கடை கடையாக அலைந்தார்கள். சுருட்டை முடிக்காரிகள் முடியை நேராக்கினார்கள், நேர் முடிக்காரிகள் சுருட்டினார்கள். கலியாண வீடியோ என்றால் 'கிராபிக்ஸ்' இல்லாமல் ஒருவரும் வாங்க மாட்டார்கள். தாமரைப் பூ விரிய வேண்டும், உள்ளேயிருந்து பொம்பிளை எழும்ப வேண்டும். மாப்பிள்ளை உள்ளங்கையை விரித்தால் அதில் பொம்பிளை நின்று சிரிக்க வேண்டும். கல்லடிப் பாலத்துக்கு அங்கால் போகாத சோடிகளையெல்லாம் நான் சுவிற்சர்லாந்து மலையில் நிற்க வைத்திருக்கிறேன். அவர்களும் சந்தோஷமாகப் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்புவார்கள்.

இவ்வளவையும் புகுத்த இடம் வேண்டுமே. எதை வெட்டுவது? பந்தியைத்தான். முந்தி எடுத்த கலியாண வீடியோக்களில் பந்தி ஒரு தனி அத்தியாயம். ஒருவர் பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, கமராக்காரர் பின்னால் வந்து, சாப்பிட இருக்கிற ஒவ்வொருவரையும் எடுத்துக்கொண்டே போவார். விருந்துக்கு வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. ஒருவரை விட்டாலும் "எங்களை எடுக்கல்லயே" என்று கோபம் வரும். ஆனால் எடுக்கப் போனால் ஒருத்தரும் முகத்தைக் காட்ட மாட்டார்கள்! ஆம்பிளைகள் தட்டுக்குள் குனிந்துவிடுவார்கள், பொம்பிளைகள் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். கடைக்கார அண்ணன் என்னிடம் சொல்வார்: "சோறு தின்னுறத ஆரு புள்ள பாக்கப் போறாங்க? வெட்டி எறி." நானும் வெட்டி எறிவேன். எடுத்த மூலக் கசெற்றில் அடுத்த கலியாணம் பதிவாகிவிடும்.

இப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் ஒரு மனிதர் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். காற்சட்டையில் சீமெந்து காய்ந்து போயிருந்தது. கையில் பேப்பரில் சுற்றிய பெரிய படச்சட்டம் ஒன்று. கடைக்குள் வந்து, கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்த கசெற்றுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பெரியகல்லாற்றில் முந்தி நீங்கள் எடுத்த கலியாண வீடியோக்கள் இருக்கிறதா, அதில் பந்தி மட்டும் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

பந்தி மட்டும்! எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. கடைக்கார அண்ணனுக்கோ முகம் வெளுத்துவிட்டது. அது எப்படிப்பட்ட காலம் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வாவிக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் ஆட்சி, இந்தப் பக்கம் அரசாங்கத்தின் ஆட்சி. ஆட்களைத் தேடித் திரிகிறவர்களுக்குக் கலியாண வீடியோவைவிட வேறென்ன வேண்டும்? யார் யார் வந்தார்கள், யார் பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாம் அதில் இருக்குமே. ஒன்றும் இல்லை, எல்லாம் அழிந்துவிட்டது என்று சொல்லி அண்ணன் அவரை அனுப்பிவிட்டார். அந்த மனிதர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை திரும்பவும் வந்தார். கையில் அதே சட்டம், அதே கேள்வி. அண்ணன் உள்ளே போய் ஒளிந்துகொள்ள, நான்தான் முன்னால் நின்றேன். பயம் இருந்ததுதான். ஆனால் ஒரு மனிதர் ஏன் மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறார் என்று தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கேட்டேவிட்டேன்.

"தங்கச்சி, நீங்க பயப்பிடாதீங்க. நான் ஆரையும் புடிச்சுக் குடுக்க வரல்ல. என்ட பொஞ்சாதியத் தேடி வந்திரிக்கன்" என்றார்.

மனைவியைக் கடல் கொண்டுபோய்விட்டதாம். வீடும் போனது. கலியாணப் படம், அடையாள அட்டை, எல்லாம் அவவோடேயே போயின. சொந்தக்காரரின் ஆல்பங்களும் அதே கரையில் இருந்த வீடுகளில்தான் இருந்தன. ஒரு பெண் குழந்தை மட்டும் மிஞ்சியது. அன்றைக்குக் காலையில் குழந்தை கரையிலிருந்து தள்ளி இருந்த அம்மம்மா வீட்டில் நின்றபடியால் தப்பியது. அந்த வீட்டிலும் அவவின் படம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் மேசன். நிவாரண வீடுகள் கட்டுகிற இடங்களில் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை.

பேப்பரைப் பிரித்துச் சட்டத்தைக் காட்டினார். உள்ளே ஒரு பெண்ணின் படம். பின்னால் நீர்வீழ்ச்சி, இரண்டு அன்னங்கள், தலையைச் சுற்றி ஒளிவட்டம். தொழில்காரியாகச் சொன்னால், வேலை சுத்தமாகத்தான் இருந்தது. கொம்பியூட்டரில் ஆயத்தமாக இருக்கிற சேலை ஒன்றை உடுத்தி, முகத்தை நன்றாக வெள்ளையாக்கியிருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு இப்படிப் படம் செய்வது ஊரெல்லாம் பரவியிருந்தது. செத்துப்போனவர்களை உயிரோடிருப்பவர்களுக்குப் பக்கத்தில் நிற்பாட்டுவார்கள். படமே இல்லாதவர்களுக்கு, அவர்களின் சாயல் உள்ள சொந்தக்காரரின் படத்தை எடுத்து மாற்றித் திருத்திக் கொடுப்பார்கள். நாங்களும் கேட்டவர்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறோம்.

"வடிவான ஆள்" என்றேன்.

"இது அவ இல்ல. இது அவட தங்கச்சி. மாத்தி எடுத்தது" என்றவர், சட்டத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "வச்ச நேரம் ஆறுதலாத்தான் இருந்திச்சு. மகள் கும்பிடுவா, அம்மா எண்டு கொஞ்சுவா. மறுகா என்ன நடந்த எண்டா, நான் கண்ண மூடினா இந்தப் படம்தான் வருது தங்கச்சி. அவ வாறா இல்ல. அவ கறுப்பு. முன்பல்லு ஒண்டு கொஞ்சம் தள்ளி நிக்கும். எல்லாம் தெரியிது, ஆனா சேர்த்துப் பாத்தா முகம் வருதில்ல. இன்னும் கொஞ்ச நாள் போனா அவ எனக்கு இல்லாமலே போயிருவா."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். உள்ளே ஒளிந்திருந்த அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பந்தியில் தேடலாம் என்று அவர் யோசித்தது சரிதான். கலியாணப் படங்களும் ஆல்பங்களும் இல்லாவிட்டால் என்ன, சுனாமிக்கு முந்தின சமாதான காலத்தில் வெளிநாட்டுக்காரரெல்லாம் வந்து இறங்கி ஊரில் வரிசையாகக் கலியாணம் செய்தார்களே! பெரியகல்லாற்றிலும் பல கலியாணங்கள். அவற்றில் கனக்க நாங்கள் எடுத்தவை. இவர்களும் குழந்தையோடு போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஏதாவது ஒரு பந்தியில் அவ இருந்தே ஆக வேண்டும். எங்களிடம் இருந்த மூலக் கசெற்றுகளில் வேறு கலியாணங்கள் ஏறிவிட்டன. ஊரில் இருந்த பிரதிகள் கடலோடு போய்விட்டன. மிச்சம் இருப்பவை வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதிகள் மட்டும்தான். நல்ல காலம், அவை பந்தியை வெட்டத் தொடங்குவதற்கு முந்தியவை.

"என்ன சாறி உடுத்திருப்பா?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவேயில்லை. "நல்ல சாறி அவக்கு ஒண்டுதான். கலியாண வீடெண்டா அதைத்தான் உடுப்பா. கிளிப்பச்சை."

அண்ணன் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தொலைபேசி இலக்கங்களைத் தேடி எடுத்தார். இலண்டன், கனடா, சுவிஸ் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் நான்தான் கதைத்தேன். கிளிப்பச்சைச் சேலை, மடியில் கைக்குழந்தை, கறுப்பான ஆள். "உங்கட கசெற்றில பந்தி வாற இடத்த ஒருக்கா வடிவாப் பாருங்க" என்று கெஞ்சினேன். சும்மா சொல்லக்கூடாது, ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. அந்த மனிதர் யாரென்றே தெரியாதவர்கள்கூட வேலை முடிந்து வந்து, குளிரில் குந்தியிருந்து, தங்கள் கலியாணத்தில் யாரோ சாப்பிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

அப்போது ஒரு விஷயம் நடந்தது. இலண்டனில் இருந்து ஒரு அக்கா எடுத்தார். விக்கி விக்கி அழுகிறார். கண்டுபிடித்துவிட்டார் என்று நான் துள்ளி எழும்பினேன். "உங்கட ஆளக் காணல்ல புள்ள. ஆனா என்ட தம்பி இருக்கான். அவனும் அண்டைக்குக் கடலோட போனவன். பந்தி வந்தா எப்பவும் ஓட்டி விட்டுருவம். அவன் அதுக்குள்ள இருக்கிறது எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். அந்தத் தம்பி பாயசம் ஊற்ற வந்தவரிடம் இன்னும் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டுகிறாராம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். பிறகு வேறொரு வீட்டிலிருந்தும் இப்படி ஒரு கதை வந்தது. நாங்கள் ஒருவரைத் தேடப் போக, ஊரே தன் ஆட்களைத் தேடத் தொடங்கிவிட்டது. அதன்பிறகு நான் வெட்டிய கலியாணங்களில் பந்தியில் கை வைக்கவில்லை. அண்ணனும் வெட்டச் சொல்லவில்லை.

கிளிப்பச்சைச் சேலைக்காரி மட்டும் வரவில்லை. சுவிஸில் இருந்து ஒருவர் பச்சைச் சேலை உடுத்திய ஒரு பெண்ணைப் படமாக்கி அனுப்பினார். மேசன் அண்ணன் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தார். அவ இல்லை. அது அவருடைய ஊரில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரு பெண்! நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டோம். சிரித்த சிரிப்பு முடிகிறபோது அவருடைய முகம் இருந்த இருப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு சண்டை தொடங்கியது. வாவிக்கு மேலால் செல் குண்டுகள் கூவிக்கொண்டு போயின. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து சனம் உடுத்த உடுப்போடு வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்தது. கடையைப் பகலிலேயே பூட்டிவிட்டு ஓடுவோம். கலியாணமும் இல்லை, வீடியோவும் இல்லை. அந்த மனிதரும் வரவில்லை. ஒருவர் வராவிட்டால் அப்போது எங்கள் மனதுக்குள் என்னென்ன நினைப்பு ஓடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இலக்கம் ஒன்று தந்திருந்தார். எடுத்தால் வேலை செய்யவில்லை.

யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன. வெளிநாட்டில் இருந்தவர்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கினார்கள். புது மோகம் ஒன்றும் கூடவே வந்தது. பழைய வீடியோக் கசெற்றுகளை எல்லாம் டிவிடியாக மாற்றுவது. அங்கே செலவு கூட, இங்கே மலிவு என்று எல்லோரும் கசெற்றுகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்கள். அப்படித்தான் கனடாவில் இருந்து ஒரு அக்காவும் வந்தார். பெரியகல்லாற்றில் நடந்த அவரின் கலியாணக் கசெற். நான் பெயரைப் பார்த்ததும், "அக்கா, உங்களோட நான் கதைச்சிருக்கன். பச்சைச் சாறி" என்றேன். அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. "ஐயோ, நான் வடிவாப் பாத்தன். பச்சைச் சாறியோட குழந்தைப் பிள்ளைக்காரி ஒருத்தரும் இல்லை" என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, தேவையில்லாத வேலை பார்க்காதே என்று கண்ணைக் காட்டினார்.

ஆனால் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெரியகல்லாற்றில் இருந்து வந்த ஒரு வாடிக்கையாளரிடம் விசாரித்து, மேசன் அண்ணனின் புது இலக்கத்தை எடுத்தேன். உயிரோடுதான் இருக்கிறார்! கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரையே ஏசினேன், "ஏன், ஒரு கோல் எடுத்தா என்ன?" என்று. அவர் மெதுவாக, "இனி என்ன தங்கச்சி, விட்டிட்டன்" என்றார். முகம் முழுவதுமாகவே போய்விட்டதாம். மகள் பள்ளிக்கூடம் போகிறாளாம். நான் விடவில்லை. ஒருக்கா வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். கடைசியில், நச்சரிப்புத் தாங்காமல்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

வந்த நேரம் பார்த்து ஒரு சிக்கல். கனடாவுக்கு அனுப்புகிற கசெற்றை வேறு முறையில் பதிய வேண்டும். அதைப் போடுகிற டெக்கை அண்ணன் திருத்தக் கொடுத்திருந்தார். எங்களுடைய சாதாரண டெக்கில் போட்டால் நிறம் வராது, கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். பச்சைச் சேலையைத் தேடுகிறவருக்குக் கறுப்பு வெள்ளையில் எதைக் காட்டுவது? நாளைக்கு வரச் சொல்லு என்றார் அண்ணன். எனக்குப் பொறுக்குமா? போட்டுவிட்டேன்.

பந்தி வந்தது. லைட் வரிசையாக நகர்ந்தது. குனிகிற தலைகள், முகத்தை மூடுகிற இடது கைகள். எல்லோர் உடுப்பும் ஒரே சாம்பல் நிறம். நான் கண்ணைக் கொட்டாமல் பார்க்கிறேன், ஒன்றும் விளங்கவில்லை.

"நிப்பாட்டுங்க" என்றார்.

திரையில் ஒரு பெண். இடது கையில் குழந்தை. அதனால் மற்றவர்களைப் போல இடது கையால் முகத்தை மூட முடியவில்லை. சோறும் கறியுமாக இருந்த வலது கையைத் தூக்கி, மணிக்கட்டை நெற்றியில் வைத்து மறைத்திருந்தாள். முகத்தில் ஒரு துண்டுகூடத் தெரியவில்லை. "அவதான்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவ அப்பிடித்தான். சின்னச் சத்தம் கேட்டாலும், ஆரும் பாத்தாலும், கையில என்ன இருந்தாலும் அப்பிடியே தூக்கிருவா. விடுங்க, இனி விடுங்க" என்றார். அவருடைய குரலே மாறிவிட்டது.

ஓடவிட்டேன். லைட்காரர் அவசரக்காரர் போல, கமராவுக்கு முன்னமே அடுத்த ஆளிடம் போய்விட்டார். வெளிச்சம் போனதும், கமராவும் போய்விட்டது என்று அவ நினைத்துவிட்டா. கையை இறக்கினா. எதிர்ப் பந்தியில் இருந்த யாரையோ பார்த்துச் சிரித்தா. முன்பல் கொஞ்சம் தள்ளி நின்றது தெரிந்தது. பிறகு கொஞ்சச் சோற்றைக் குழைத்துக் குழந்தையின் வாயில் வைத்தா. குழந்தை துப்பியது. துப்பியதை விரலால் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு திரும்பவும் சிரித்தா. அதற்குள் கமரா நகர்ந்துவிட்டது.

"என்னைப் பாத்துத்தான் சிரிக்கா. அங்கால நான்தான் இருந்த. முகத்தக் காட்டடி, கனடாக்காரன் பேயெண்டு பயந்திருவான் எண்டு நான்தான் பகிடி பண்ணின" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் மேசையில் தலையை வைத்து அழுதார். இவ்வளவு வருடமாக அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் திரும்பத் திரும்ப அந்தத் துண்டை ஓட்டிக்கொண்டேயிருந்தேன், வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து டெக் திருந்தி வந்தது. அவரும் வந்தார், கனடா அக்காவும் வந்தார். நிறத்தோடு ஓடவிட்டால், அட கடவுளே! சேலை பச்சையே இல்லை. நல்ல தோடம்பழ நிறம், செம்மஞ்சள். கனடா அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். "இவவை நான் எத்தினை தரம் பாத்திருப்பன்! பச்சை இல்லை எண்டுதானே விட்டன்" என்றார்.

மேசன் அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத்தான் முதலில் விளங்கியது. "ஓம், இதுதான் அவட சாறி. தீபாவளிக்கு நான்தான் எடுத்துக் குடுத்த. பச்சை எங்கட வீட்டுச் சுவரில தொங்குறவட சாறி" என்றார். படம் செய்து கொடுத்த ஸ்ரூடியோக்காரர் கொம்பியூட்டரில் இருந்து எடுத்து உடுத்திவிட்ட சேலை அது. அந்தப் படத்தை நானும் பார்த்தவள்தான், எனக்கும் பிடிபடவில்லை. தினமும் அதைப் பார்க்கப் பார்க்க, அவவின் முகத்தை மட்டுமில்லை, சேலையையும் அது தின்றுவிட்டது. அந்தப் பச்சையைத்தான் நாங்கள் உலகமெல்லாம் தேடியிருக்கிறோம். நானும் இப்படி எத்தனை முகங்களை மாற்றிக் கொடுத்திருப்பேன், எந்தெந்த வீட்டில் என்னென்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன்.

படமாக எடுத்துத் தரட்டுமா, நன்றாக வெளிச்சமாக்கித் தருகிறேன் என்று கேட்டேன். "ஒண்டும் செய்யாதீங்க தங்கச்சி. இருட்டாவே இரிக்கட்டும்" என்றார். அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒரு டிவிடியில் போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மகளுக்கும் காட்ட வேண்டும் என்று அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டிக்கொண்டு வந்தார். ரெட்டைப் பின்னல், முன்பல் விழுந்த வாய், நல்ல துடியாட்டமான பிள்ளை. எங்கள் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி ஓடவிட்டோம். நானும் அண்ணனும் மூச்சுவிடாமல் அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்க்கிறோம்.

"இது ஆரு அப்பா?"

"அம்மா, மகள்."

பிள்ளை இன்னொரு தரம் பார்த்தது. பிறகு தலையை ஆட்டியது. "இது அம்மா இல்ல. அம்மா வெள்ளை" என்றது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பச்சைப் பிள்ளையில் கோபப்படலாமா என்று தெரியும், ஆனால் வந்ததை என்ன செய்ய? "அண்ணன், அப்பிடி விடாதீங்க. எடுத்துச் சொல்லுங்க" என்று தகப்பனிடம் சொன்னேன். அவர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சொல்லி வாற சாமானா தங்கச்சி? இவ கண்ணத் துறந்து பாத்தது அந்தப் படத்தைத்தான். அது இவட அம்மா. இது என்ட பொஞ்சாதி. ரெண்டு பேரும் வீட்டில இரிக்கட்டும்."

பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இவ்வளவு பாடுபட்டு ஒரு தாயைக் கண்டுபிடித்துக் கொடுத்தும், அந்தப் பிள்ளைக்கு அவ யாரோ ஒருத்திதானே.

பிறகு எனக்குக் கலியாணம் நடந்தது. நானும் சொந்தமாகச் சின்னதாக ஒரு கடை போட்டேன். டிவிடிகளும் பழசாகி, எல்லோரும் பென் டிரைவோடு திரியத் தொடங்கிய நேரம். ஒருநாள் மேசன் அண்ணன் என் புதுக் கடையை விசாரித்துக்கொண்டு வந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து அந்த டிவிடியை எடுத்தார். "இது ஓடுதில்ல தங்கச்சி. இன்னொண்டு அடிச்சுத் தரேலுமா?"

வாங்கிப் பார்த்தேன். முழுக்கக் கீறல். மெசினில் இருந்து எடுத்து எடுத்து, போட்டுப் போட்டு, வெள்ளி நிறமே மங்கிப்போய் இருந்தது. "என்ன அண்ணன், இவ்வளவுக்கா பாத்திருக்கீங்க!" என்று பகிடி பண்ணினேன்.

"நான் எங்க தங்கச்சி பாத்தன்? காலையில வேலைக்குப் போனா இருட்டினாப் பொறகுதான் வாறன். மகள்தான். சோறு தின்னக்குள்ள போட்டிட்டு இருந்திருவா. இது ஓடாத நாளில இருந்து சரியாச் சாப்பிடுறாவும் இல்ல."

அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிரதி பத்திரமாக என்னிடம் இருந்தது. ஒன்றுக்கு நான்காகப் பதிந்து கொடுத்தேன்.

இப்போது கலியாண வீடியோக்களில் பந்தி எடுப்பதில்லை. கமரா வானத்தில் பறக்கிறது, மாப்பிள்ளையும் பொம்பிளையும் வாவிக் கரையில் ஓடுகிறார்கள், விருந்துக்கு வந்தவர்கள் எங்கேயோ ஒரு மூலையில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறார்கள். எங்காவது பழைய ஆள் ஒருவர் லைட்டைப் பிடித்துக்கொண்டு பந்திக்குள் வந்தால், சுற்றி இருப்பவர்களெல்லாம் இன்னும் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். நான் மட்டும் மூடுவதில்லை. வாய் நிறையச் சோறு இருந்தாலும், கன்னம் உப்பியிருந்தாலும், நிமிர்ந்து கமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன், என்றைக்காவது யாருக்காவது என் முகம் தேவைப்பட்டால் அவர்கள் அலையாமல் கண்டுபிடிக்கட்டும் என்று.